அதிகாரி இல்லாத கையெழுத்து: சங்கச் செயலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளம் சங்கச் செயலாளர் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஊதிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். நிர்வாகத் தரப்பில் மூன்று கையெழுத்து, சங்கத் தரப்பில் ஐந்து. நான் தேடிய கையெழுத்து மட்டும் இல்லை: தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்க அரசு நியமிக்கும் சமரச அதிகாரியின் கையெழுத்து. அவர் முகத்தில் இருந்த பூரிப்பைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் கெடுத்தேன்.

தேதி போடாத கோரிக்கைப் பட்டியல், பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் பேசப் போவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சமரசம் நடக்கிறதே, போதாதா?

போதாது. இது நானே செய்த தவறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நடப்பில் இருந்த காலம். எங்கள் கோரிக்கை சமரச அதிகாரியிடம் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் இரவு மேலாளர் அழைத்து, "எதற்கு இந்த அலைச்சல்? இங்கேயே முடித்துக்கொள்வோம்" என்றார். கேட்டதில் முக்கால் பங்கு கிடைத்தது. விடிவதற்குள் தட்டச்சு செய்து கையெழுத்திட்டோம். மறுநாள் அதிகாரிக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவிட்டு, 12(3) ஒப்பந்தம், அதாவது சமரச நடவடிக்கையில் உருவாகும் ஒப்பந்தம், போட்டுவிட்டதாக நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் போட்டது 18(1), அதாவது சமரசத்துக்கு வெளியே இரு தரப்பும் தாங்களே செய்துகொள்ளும் ஒப்பந்தம். சமரசம் நிலுவையில் இருப்பது மட்டும் போதாது, ஒப்பந்தம் அதிகாரியின் உதவியோடும் இசைவோடும் உருவாகியிருக்க வேண்டும் என்று பாட்டா நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லியிருந்தது. 18(1) கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டும். 12(3) சங்கத்தில் இல்லாதவரையும் கட்டும், பின்னால் வேலைக்குச் சேர்பவரையும் கட்டும்.

அந்தப் பின்னால் சேர்ந்தவர்கள்தான் அடிபட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த முப்பத்தெட்டுப் பேருக்குப் பழைய அடிப்படைச் சம்பளம். கேட்டால், "நீங்கள் ஒப்பந்தத்தில் தரப்பு இல்லையே" என்றது நிர்வாகம். போதாததற்கு, அன்றைய உறுப்பினர் பட்டியலை இணைப்பாக ஒட்டியிருந்தவனும் நானே. ஒரே லேத், ஒரே ஷிப்ட், இரண்டு விதச் சம்பளச் சீட்டு. அவர்களில் ஒரு பையன் என்னை "அண்ணே" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

2025 நவம்பர் 21 முதல் 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. இந்த வேறுபாடு மாறவில்லை. தனியே பேசி முடிவுக்கு வந்தாலும் பேனாவை மூடி வையுங்கள். ஷரத்துகளை அதிகாரி முன் வைத்து, அவர் கேள்வி கேட்டுத் திருத்திய பிறகு, அங்கேயே கையெழுத்திடுங்கள். இன்னும் இரண்டு வாய்தா அலைய நேர்ந்தாலும் சரி.

காலம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது என்று நினைப்பது

முடியாது. எழுத்து மூலம் முறிவு அறிவிப்பு கொடுத்து 60 நாள் கழியும்வரை அது கட்டும். அதுவரை, அதில் அடங்கிய விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம்.

கூட்டாகத் தற்செயல் விடுப்பு

பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் எடுத்தால் இப்போது அதுவும் வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு அதற்கும் உண்டு.

51 விழுக்காடு இருப்பதாக வாயால் சொல்வது

பல சங்கங்கள் உள்ள இடத்தில் பேச்சு நடத்தும் ஒரே சங்கமாக அங்கீகாரம் பெற, நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினர் உங்களை ஆதரிப்பது சரிபார்க்கப்பட வேண்டும்.

பொதுவான ஒருவரை வைத்துத் தீர்த்துக்கொள்வது

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பிடித்து, முத்திரைத்தாளில் எழுதி, வணிகத் தகராறு போல நடுவரிடம் போகிறார்கள். தொழில் தகராறில் இரு தரப்பும் விரும்பி நடுவரிடம் போவதற்குத் தனி வழி உண்டு. அங்கே 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டம் பொருந்தாது. 1947 சட்டத்தின் 10ஏ பிரிவின்படி அந்த உடன்பாடு அரசிதழில் வெளியாக வேண்டியிருந்தது. கர்னால் தோல் தொழிலாளர் வழக்கில் அது வெளியாகவில்லை. 1989ல் உச்ச நீதிமன்றம் வரை போய், நடுவர் தந்த தீர்ப்பே செல்லாமல் போனது.