கீப்பராக ஆசைப்படும் பையன்கள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் சாயங்காலம் நான் கால்பந்துப் பயிற்சி கொடுக்கும் மைதானத்துக்கு, கோல் கீப்பராக வேண்டும் என்று கேட்டு வருகிறவன் அபூர்வம். "ஏல, நீ நெட்டையா இருக்க, கோல்ல நில்லு" என்று யாரோ தள்ளிவிட்டு நின்றவர்கள்தான் அதிகம். அப்படி நின்றவன் கையில் ஒரு நாள் நல்ல பந்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து ஆசை பிடித்துவிடும், கூடவே அவசரமும் வந்துவிடும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில் விளைந்தவை.

முதலில் பாய்ச்சல். வீடியோவில் பார்த்துவிட்டு மறுநாளே பறக்க ஆரம்பிக்கிறார்கள். நம் மைதானங்களில் முக்கால்வாசி வெறும் மண். பங்குனி, சித்திரையில் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் முழங்கையை ஊன்றி விழுந்தால் அடி நேராகத் தோளுக்குப் போகும். பதினெட்டு வயதில் நான் அப்படித்தான் விழுந்தேன். இன்றைக்கும் வலது கையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடியாது. விழுவதற்கும் ஒரு வரிசை உண்டு: கெண்டைக்கால், தொடை, இடுப்பு, விலா, கடைசியில் தோளின் பின்பக்கம். முதலில் உட்கார்ந்தபடி சாய்ந்து பழக வேண்டும், பிறகு முட்டி போட்டு, பிறகு குந்தி, அதற்கப்புறம்தான் நின்றபடி. மணல் கொட்டிய இடமோ ஆற்றங்கரையோ கிடைத்தால் அங்கே பழகுங்கள்.

உண்மையில் நல்ல கீப்பர் அதிகம் பாய்வதில்லை. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோட்டிலேயே நின்றால் அது முழுவதும் அடிப்பவன் கண்ணுக்குத் தெரியும். இரண்டு எட்டு முன்னே வந்தால் அதில் ஒரு பகுதி மறைந்துவிடும். ஆனால் எப்போது நிற்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். போன மாதம் ஒரு பையன் சரியாகத்தான் முன்னே ஓடி வந்தான். எதிரி அடித்த கணத்தில் நம் பையனுடைய ஒரு கால் காற்றில் இருந்தது. பந்து மெதுவாகத்தான் வந்தது. கவட்டுக்குள் புகுந்து உள்ளே உருண்டது. பந்தின் மேல் எதிரியின் கால் படும் நொடியில் நம் இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும். நம் பையன் இன்னும் ஒரு எட்டு வந்துவிடலாம் என்று நினைத்ததுதான் வினை.

உயரப் பந்து விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பந்து எம்மாத்திரம்? ஆனி தொடங்கி ஆவணி வரை மேற்கே மலைப் பக்கமிருந்து வீசும் காற்று, பறக்கும் பந்தைத் தள்ளிக்கொண்டே போகும். மேற்கிலிருந்து தூக்கிப் போட்ட பந்து நினைத்த இடத்தைத் தாண்டிப் போகும். கிழக்கிலிருந்து வந்தால் நடுவழியிலேயே செத்து விழும். ஆட்டம் தொடங்குமுன் நாலு பந்தை உயரத் தூக்கிப் போட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

கையை மட்டும் நம்புவது அடுத்த தவறு. சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. அன்றே கீப்பருக்கும் கால் வேலை கட்டாயமாகிவிட்டது. இன்றைக்கு டிரையல்ஸில், அதாவது கிளப்புக்கு ஆள் எடுக்கும் தேர்வில், இரண்டு காலாலும் பாஸ் கொடுக்கத் தெரியாதவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2025-இல் இன்னொரு மாற்றமும் வந்தது. பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் வாய்ப்பு. பழைய 6 விநாடி விதியை நடுவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். இப்போது கடைசி 5 விநாடியை விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

தலையில் அடிபட்டால் மறைக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2018-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லிவர்பூல் கீப்பர் காரியஸ் செய்த இரண்டு தவறுகளை உலகமே ஏசியது. அதற்கு முன் அவர் தலையில் அடிபட்டிருந்ததும், மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததும் பிறகு டாக்டர்கள் பரிசோதித்தபோதுதான் தெரியவந்தது. செல்சி கிளப்பின் கீப்பர் பெட்டர் செக் 2006-இல் மண்டை ஓடு உடைந்து, மூன்று மாதத்தில் தலைக்கவசத்தோடு திரும்பினார். 2019-இல் ஓய்வு பெறும்வரை அதைக் கழற்றவில்லை.

க்ளவுஸைச் சோப்புத் தூள் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதும் தவறுதான். உள்ளங்கை ரப்பர் வெடித்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும். கீழே விழுந்து எழும்போது உள்ளங்கையை மண்ணில் ஊன்றாமல் முஷ்டியை ஊன்றினால் க்ளவுஸ் இன்னும் கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும்.

இனி பெஞ்ச், அதாவது மாற்று வீரனாக வெளியே உட்கார்ந்து காத்திருப்பது. அணியில் பதினோரு பேர் ஆடினாலும் கீப்பருக்கு இடம் ஒன்றுதான். நம் நாட்டுக் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்தார். அங்கே லீக் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியது 2016-இல்தான். நம் பையன்களோ நாலு ஆட்டம் உட்கார வைத்தால் அணி மாறிவிடுகிறார்கள். இத்தாலியின் டினோ சாஃப் 1982-இல் உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் அல் ஹடாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் பெனால்டி தடுத்தார். மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதிலும் கீப்பர் ஆடலாம். பத்தொன்பது வயதில் "வாய்ப்பே இல்லை" என்று படிப்பையும் விட்டு, பந்தையும் விட்டு, மெட்ராஸுக்கு வேலைக்குப் போன இரண்டு பேரை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் என் மாணவன் வீட்டில் நாற்பதாயிரம் வாங்கினார். டிரையல்ஸே நடக்கவில்லை. பையனுக்குத் திறமை இருந்தால் கிளப்தான் பணம் கொடுக்கும். சேர்ப்பதற்கு முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் வேலையும் வேண்டாம். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். அதில் மாட்டினால் தடை பையனுக்குத்தான் வரும், சான்றிதழ் வாங்கித் தந்தவருக்கு அல்ல.