ஹவுஸ் சர்ஜன் முடிக்கும்போது நன்றி சொல்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிக் கட்டமான 12 மாத ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கடைசி வாரம் லாக் புக் (பயிற்சிப் பதிவேடு) கையெழுத்து, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று, ஹாஸ்டல் அறையைக் காலி செய்வது என்றே ஓடிவிடும். ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

1. பட்டியலை வார்டிலிருந்து தொடங்குங்கள்

யூனிட் சீஃப், உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கும் அண்ணன் அக்காக்கள் பெயர் தானாக நினைவுக்கு வரும். மற்றவர்களுக்குத்தான் பட்டியல் தேவை. ஒவ்வொரு போஸ்டிங்காக யோசியுங்கள். நரம்பு கிடைக்காமல் தவித்தபோது பக்கத்தில் நின்ற நைட் டியூட்டி சிஸ்டர், சாம்பிள் எடுத்ததில் என்ன தவறு என்று பொறுமையாகச் சொன்ன லேப் டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளிய அண்ணன், வார்டு ஆயாம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களைக் கூடவே அழைத்துப்போன கிராம சுகாதார செவிலியர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நோயாளிகளில் தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசுபவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொன்னவர் யார்? அவரையும் எழுதுங்கள்.

2. ஒருவருக்கு ஒரு சம்பவம்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "எல்லாவற்றுக்கும் நன்றி சார்" என்பது அவர் காதில் நிற்காது. அவர் கற்றுத்தந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அது இன்று உங்கள் கையில் பழக்கமாகியிருக்கிறது என்றும் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

"சார், பாம்புக்கடி கேஸ் வந்த அன்று நான் பதறிக்கொண்டிருந்தேன். ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அப்புறம் உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த 20 நிமிடமும் கூடவே நின்றீர்கள். இப்போது ஜூனியர்களுக்கு நானும் அப்படியே பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன்."

இவ்வளவு போதும். நோயாளியின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். கையால் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் பலர் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

3. நேரம் பார்த்துப் போங்கள்

ரவுண்ட்ஸ் நடுவிலும், ஷிஃப்ட் மாறி ஒப்படைக்கும் நேரத்திலும் போகாதீர்கள். ஓ.பி. முடிந்த பிறகு, "ரெண்டு நிமிஷம் பேசலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். நைட் டியூட்டி சிஸ்டரை இரவில்தான் பார்க்க முடியும். அதற்காக ஒரு இரவு வார்டுக்குப் போய்வருவது பெரிய வேலையில்லை.

4. பரிசு

விலை உயர்ந்த எதையும் தனியாக ஒருவருக்குக் கொடுக்காதீர்கள். அரசு ஊழியர்கள் பரிசு வாங்க நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அவர்களைச் சங்கடத்தில் நிறுத்த வேண்டாம். வார்டு முழுக்கப் பகிர்ந்து சாப்பிட ஏதாவது வாங்குங்கள். சீசன் என்றால் கிருஷ்ணகிரி மாம்பழம், இல்லாவிட்டால் காவேரிப்பட்டினம் நிப்பட். துப்புரவுப் பணியாளர்களுக்கும் கட்டாயம் போய்ச்சேர வேண்டும். மிச்சத்தைக் கொடுப்பது மரியாதையில்லை, முதலிலேயே எடுத்து வையுங்கள்.

5. கூட இருந்தவர்கள்

உங்கள் டியூட்டியை மாற்றிக்கொண்டு உங்களை ஊருக்கு அனுப்பிய கோ-இன்டர்னை (உடன் பயிற்சி செய்தவரை) மறக்காதீர்கள். நண்பர்தானே என்று விட்டுவிடுவோம். அவருக்கும் தனியாக நாலு வரி எழுதுங்கள். குரூப் போட்டோ எடுப்பதென்றால் வார்டுக்கு வெளியே எடுங்கள். பின்னணியில் நோயாளியின் முகமோ கேஸ் ஷீட்டோ விழக்கூடாது.

6. போன பிறகு

முதல் வேலை கிடைத்ததும், பி.ஜி. சீட் கிடைத்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள். சீஃபுக்கு அனுப்பும் அன்றே அந்த சிஸ்டருக்கும் அனுப்புங்கள்.