கொத்தான் கொடி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் அடம்பன் கொடியின் மேலும் இராவணன் மீசைப் புல்லின் மேலும் நூல்நூலாகப் படர்ந்து கிடக்கும் கொத்தானை, தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காகத் தம் வளவிலேயே வளர்க்க விரும்புவோர் வன்னியில் உண்டு. அவ்விருப்பத்தில் பிழையில்லை. ஆனால் இது பிற செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்பதை மறந்து, மல்லிகைக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்ய முற்படுவதிலேயே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

வெட்டிய தண்டை மண்ணில் ஊன்றி நீரூற்றுவது அவற்றுள் முதன்மையானது. அத்தண்டு காய்ந்து போகும். விதையிலிருந்து வரும் நாற்றுக்கு மாத்திரமே சிறிது காலம் வேர் இருக்கும். அருகிலுள்ள செடியைச் சுற்றிப் பற்றியதும் அவ்வேரும் அழிந்துவிடும். சுற்றிய இடத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தால், தண்டின் உட்புறத்தில் நீள்வட்டமான சிறு வட்டுகள் வரிசையாக ஒட்டியிருப்பது தெரியும். பருகிகள் எனப்படும் இவற்றின் வழியாகவே கொடிக்கு நீரும் உணவும் செல்கின்றன. ஆகவே சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் நீர் ஊற்ற வேண்டியதும் எரு இட வேண்டியதும் அதைத் தாங்கும் செடிக்கே. கொடிக்கு வேண்டியது நல்ல வெயில். விதையின் தோல் மிகக் கடினமானதாகையால், கரடான கல்லில் சற்று உரசி, மாரி தொடங்கும்போது அச்செடியின் அடியில் இடலாம். புதிதாக வெட்டிய கொடித் துண்டை இளங்கிளைகளில் சுற்றிவிடுவது அதைவிட எளிது.

எந்தச் செடியில் ஏற்றுவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். கத்தரி, மிளகாய் போன்ற குறுகிய காலப் பயிர்கள் பட்டுப்போகும்போது கொத்தானும் அவற்றோடு போய்விடும். மா, தேசி, மரமுந்திரிகை ஆகியவற்றில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்; கிளைகள் மூடுண்டு, வெளிச்சமும் சாறும் குறைந்து, காய்ப்பு விழுந்துவிடும். வெட்ட வெட்டத் தழைக்கும் நொச்சியை வேலியிலிருந்து தள்ளித் தனியாக நட்டு, அது நன்கு வேரூன்றிய பிறகு கொடியை விடுவதே முறை. அலரியிலும் எருக்கலையிலும் படர்ந்த கொத்தானை மருந்துக்கென எடுக்கவே கூடாது, ஏனெனில் அச்செடிகளின் நச்சுப் பொருட்கள் கொடிக்குள்ளும் சென்றிருக்கக்கூடும். நொச்சியில் வளர்ந்ததாயினும் சித்த வைத்தியரைக் கேளாமல் உள்ளுக்குக் குடிப்பது ஆபத்தானது, கொத்தானிலேயே அல்கலோயிட்டுகள் எனப்படும் வீரியமிக்க தாவரப் பொருட்கள் உள்ளன.

இதைப் போலவே நூல்நூலாகப் படரும் மற்றோர் ஒட்டுண்ணிக் கொடியான அம்மையார் கூந்தலைக் கொத்தான் என்று எண்ணிக் கொண்டுவருவதும் நடக்கிறது. வெயிலில் கொத்தானும் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறுவதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. காயைப் பார்க்க வேண்டும். கறுவாக் குடும்பத்தைச் சேர்ந்த கொத்தானின் காய் உருண்டு, சதைப்பற்றுடன், ஒரே விதையைக் கொண்டிருக்கும். வற்றாளைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார் கூந்தலின் காயோ உலர்ந்தது, பெரும்பாலும் நான்கு வரையான விதைகளைக் கொண்டது. அவ்விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருப்பதால், தோட்டத்துக்குள் ஒருமுறை புகுந்தால் அகற்றுவது பெரும்பாடாகும்.

கத்தரித்த துண்டுகளை வேலியில் எறிவது, அயலவரின் தோட்டத்துக்கும் கேடு விளைவிக்கும் தவறு. பச்சைத் துண்டு ஒன்று விழுந்த செடியிலேயே பற்றிக்கொண்டு மீண்டும் வளரும். குப்பைக் கிடங்கிலும் போடாமல், சீமெந்துத் தரையில் பரப்பி முற்றாகக் காயவைத்து எரித்துவிட வேண்டும். காய்கள் பழுக்கும் முன்பே கொடியைக் கத்தரிப்பது அவசியம், பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் கொண்டு சென்றுவிடும். வேண்டாத மரத்தில் ஏறிவிட்டால் கொடியை இழுத்துப் பிய்ப்பதால் பட்டைதான் காயப்படும். அது பற்றியிருக்கும் கிளையையே சற்றுக் கீழாக வெட்டி நீக்கி, புதிய நூல்கள் தென்படுகின்றனவா என்று அடுத்த மாரி வரை அடிக்கடி பார்த்துவர வேண்டும்.