மருந்துப் பயிற்சி வகுப்புகளில் நாம் விடும் பிழைகள்

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற் குளிசையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பரீட்சையில் கேட்டால் எந்த வைத்தியரும் மருந்தாளரும் இதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நோயாளியின் கைக்கு வரும் காகித உறையில் ‘4 குளிசை’ என்று மட்டும் எழுதியிருக்கும். கூடவே இன்னோர் உறையில் போலிக் அசிட் என்ற விற்றமின் குளிசை. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். இரவு மங்கலான வெளிச்சத்தில் ஆச்சி எதைப் பார்த்துப் பிரித்தறிவார்?

வைத்தியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் நாம் நடத்தும் தொடர் கல்வி வகுப்புகளின் முதற்பிழை இதுதான். ஆங்கிலத்தில் விரிவுரை முடிகிறது, கைதட்டுகிறோம், தேநீர் குடிக்கிறோம். நோயாளியிடம் சொல்லவேண்டிய தமிழ் வாக்கியத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. “வாரத்துக்கு ஒருக்கால்” என்பது போதாது. “வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா, மற்ற நாட்களில் தொடவே வேண்டாம்” என்று கிழமையைச் சொல்லி, அதையே உறையிலும் எழுத வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. இந்த ஒரு வாக்கியம் நமக்குப் பாரமாகிவிடக் கூடாது.

அடுத்தது, வைத்தியர்களுக்கு ஒரு வகுப்பு, மருந்தாளர்களுக்கு வேறொரு வகுப்பு என்று பிரித்து வைப்பது. “வாய்ப்புண்ணுக்கு விற்றமின் தாருங்கள்” என்று ஒருவர் மருந்தகத்துக்கு வருகிறார். அது மெதோட்ரெக்சேற் நஞ்சானதன் அறிகுறியாக இருக்கலாம். முதலில் காண்பவர் மருந்தாளர்தான். அதே ஆளுக்குச் சிறுநீர்த் தொற்றென்று கோட்ரைமொக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எழுதப்பட்டால் ஆபத்து இன்னும் கூடும். கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த மருந்தாளருக்கு இது தெரிந்துவிடும். ஆனாலும், டொக்டர் எழுதியதை நான் எப்படிக் கேட்பது என்று கை தொலைபேசிக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. ஒரே மேசையில், பெயர் மறைத்த அதே மருந்துத் துண்டை இருவரும் சேர்ந்து பார்த்துப் பேசிப் பழகினால்தான் இந்தத் தயக்கம் போகும். என்னைக் கேட்டால், வேறெதை விட்டாலும் இதை விடக்கூடாது.

நாட்காட்டியை மறப்பதும் பிழைதான். கந்தசஷ்டியில் ஆறு நாள் விரதம் இருக்கும் நீரிழிவுக்காரர்கள் ஊருக்கு ஊர் உண்டு. உணவைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையை வழமைபோல் விழுங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். எம்பாகிளிப்ளோசின் என்ற இன்னொரு நீரிழிவு மருந்தை எடுப்பவருக்கோ, சர்க்கரை பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். ஆகவே இந்தப் பாடத்தை விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே நடத்திவிட வேண்டும்.

மருந்து நிறுவனத்தின் கையேட்டையே பாடமாக்குவதையும் தவிருங்கள். ‘ஆபத்தைப் பாதியாக்கும்’ என்று அதில் இருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். ஆயிரத்தில் இருவருக்கு வருவது ஒருவருக்காகக் குறைந்தாலும் அது பாதிதான்.

வரவுப் பதிவையும் சான்றிதழையும் வைத்துக்கொண்டு வகுப்பு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து இருபது மெதோட்ரெக்சேற் உறைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் கிழமையின் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள்.