வெளிநாட்டுப் பெட்டிக்குள்ள வாற கினோவாவை என்ன செய்யிறது?

கனடாவிலயிருந்து ஆரும் வந்தா சொக்லேட்டோட இப்ப ஒரு பக்கெற் கினோவாவும் வருது, என்னெண்டு சமைக்கிறதெண்டு தெரியாம அலுமாரிக்குள்ள வைச்சு வண்டு விழ விடுற வீடுகள் எங்கட வன்னியில கனக்க. அரிசி சமைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இது பெரிய வேலையே இல்ல.

பாக்கத் தினை மாதிரி இருந்தாலும் இது புல்லுத் தானியம் இல்ல, கீரை, பீற்றூட் குடும்பத்து விதை. பெரு, பொலிவியா மலைச் சனம் ஆயிரக்கணக்கான வருசமாச் சாப்பிடுற சாமான், 2013ஐ ஐநா சர்வதேச கினோவா ஆண்டெண்டே அறிவிச்சது.

சமைக்காத 100 கிராமில புரதம் 14 கிராம் கிட்ட, வெள்ளைப் பச்சையரிசியில 7 தான். அரிசியில குறைவா இருக்கிற லைசின் எண்ட புரதக் கூறும் இதில நல்லாக் கிடக்கு. நார்ச்சத்து 7 கிராம், மக்னீசியம், இரும்பும் இருக்கு, கோதுமை ஒத்துவராத ஆக்களும் சாப்பிடலாம். ஆனா பக்கெற்றில போட்டிருக்கிறது சமைக்காத கணக்கு, தண்ணி குடிச்சு அவிஞ்சாப் பிறகு 100 கிராமில புரதம் நாலரைக்குள்ளதான், கலோரி 120, வெள்ளைச் சோறு 130. அதால மெலியலாமெண்டு குவிச்சுப் போட்டுச் சாப்பிட்டா ஒண்டும் நடக்காது. சீனி வருத்தக்காரருக்கும் அளவு முக்கியம்.

இனிக் கழுவுறது, இதில அவசரப்படாதேங்கோ. விதைக்கு மேல சப்போனின் எண்டொரு கசப்புப் பூச்சு இருக்கு, தண்ணி விட்டுக் கையால உரசினா சவர்க்காரம் போட்ட மாதிரி நுரைக்கும், அந்த நுரை நிக்குமட்டும் தண்ணியை மாத்தி மாத்தி அலசோணும். விதை சின்னன், சோறு வடிக்கிற வடியால ஓடிப்போயிடும், மா அரிக்கிற அரிதட்டு இல்லாட்டி மெல்லிய வேட்டித்துணி வேணும். "கழுவினது" எண்டு பக்கெற்றில எழுதியிருந்தாலும் நான் ஒருக்கா அலசுவன்.

ஒரு சுண்டு கினோவாவுக்கு ரெண்டு சுண்டு தண்ணி, உப்பு. கொதிச்ச உடன நெருப்பைக் குறைச்சு மூடி ஒரு 15 நிமிசம் விடுங்கோ. ஒவ்வொரு மணியிலயிருந்தும் வெள்ளையா ஒரு சின்ன வால் சுருண்டு வெளிய வந்தா அவிஞ்சிட்டுது, இறக்கி மூடினபடியே அஞ்சு நிமிசம் வைச்சு முள்ளுக்கரண்டியால கிளறினா உதிரியா வரும். அகப்பையால அமத்திக் கிண்டினாக் களிதான். சிவப்பு, கறுப்பு கினோவாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும்.

பழகாத வாய்க்கு முதல்நாளே தனியக் குடுக்காதேங்கோ, சோத்தோட கலந்து பருப்பு, மீன்குழம்போட போட்டா பிள்ளையள் கேள்வி கேக்காதுகள். எனக்குப் பிடிச்சது கஞ்சிதான்: வறுத்த பயறை முதல்ல பாதி அவிய விட்டு, கினோவா, உள்ளி போட்டு, ரெண்டும் குழைஞ்சு வரேக்க ஒரு பிடி முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் விட்டு ஒரு கொதியோட இறக்கிறது. மிஞ்சினதுக்குச் சின்னவெங்காயம், பச்சைமிளகாய், வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டா மத்தியானச் சூட்டுக்கு நல்லாயிருக்கும். செத்தல்மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு உப்புமாவாவும் கிண்டலாம்.

புட்டுக்கெண்டா கழுவினதை மெல்லிசாப் பரவி நல்ல வெயிலில கெதியாக் காய வைக்கோணும், ஈரத்தோட கிடந்தா உடன முளை விட்டிடும். காய்ஞ்சதை வறுத்து அரைச்சு, வறுத்த சிவப்பரிசிமாவோட பாதிக்குப் பாதி கலந்து, தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுக் குழையுங்கோ, தேங்காய்ப்பூவும் போட்டு நீத்துப்பெட்டியில அவிக்கலாம்.

பெட்டியில வராம காசு குடுத்து வாங்குறதெண்டா நான் ஓமெண்டு சொல்லமாட்டன். விலை அரிசியை விடப் பலமடங்கு. கல்சியம் வேணுமெண்டா எங்கட குரக்கன்ல 100 கிராமில 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, கினோவாவில 50 கூட வராது. புரதத்துக்குப் பயறும் கௌப்பியும் சோத்தோட சேந்தாலே போதும், ஒண்டில குறையிறதை மற்றது நிரப்பும்.

எங்கட பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கனபேர், கினோவாவில பொட்டாசியமும் பொஸ்பரசும் கூட, அவை கிளினிக்கில கேட்டிட்டுச் சாப்பிடுறது நல்லம். உடைச்ச பக்கெற்றை இறுக்கமான போத்தில்ல போட்டு வையுங்கோ, சமைச்சது பிறிட்ஜில மூண்டு நாள் இருக்கும், பிறிட்ஜ் இல்லாட்டி அண்டைக்கே முடிக்கோணும்.