வாழையிலையில் திருக்கை: கரி அடுப்பில் ஈக்கான் பாக்கார்

ஈக்கான் பாக்காருக்கு, அதாவது மலாய் பாணியில் தணலில் சுடும் மீனுக்கு, மீன் நன்றாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். என்னைக் கேட்டால், வேலை முழுவதும் மீனில் பூசும் மிளகாய் விழுதான சம்பலில்தான் இருக்கிறது.

மலேசியாவின் மலாக்காவில் உள்ள உம்பாயின் கடலோரக் கடைகளில் மீனை நாமே பொறுக்கி, எடை போட்டுச் சுடக் கொடுக்கலாம். வீட்டில் முதன்முறை செய்பவர்கள் திருக்கை வாங்குங்கள், புரட்டும்போது உதிராது. அமோனியா வாடை அடித்தால் அதை விட்டுவிட்டு அயிலைக்குப் போங்கள். அரைக் கிலோ துண்டை இருபுறமும் கீறி, உப்பு, மஞ்சள்தூள், புளித்தண்ணீர் தடவி வையுங்கள்.

சம்பலுக்கு: ஊறவைத்த காய்ந்த மிளகாய் 15, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், 2 செராய் (எலுமிச்சைப்புல்) தண்டின் வெள்ளைப் பகுதி, பேரரத்தை சிறு துண்டு, வாட்டிய பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) ஒரு தேக்கரண்டி. மிக்ஸியில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் விட்டு அரையுங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். பச்சை விழுதை அப்படியே மீனில் அப்பினால் மேலே கருகும், உள்ளே மிளகாயின் பச்சை வாடை போகாது. கால் கப் எண்ணெயில், சிறு தீயில் வதக்குங்கள். முதலில் நுரைக்கும், பிறகு அடியில் பிடிக்கப் பார்க்கும். பத்து நிமிடத்தில் கமகமவென்று மணக்கும், ஏமாந்து இறக்கிவிடாதீர்கள். நிறம் கருஞ்சிவப்பாகி, கரண்டியால் ஒதுக்கிய இடத்தில் சிவந்த எண்ணெய் தேங்க வேண்டும். 20 நிமிடமாவது ஆகும். புளிக்கரைசலும் சர்க்கரையும் அதற்குப் பிறகே. முன்னால் போட்டால் சர்க்கரை அடிப்பிடித்துக் கசந்துவிடும்.

கரியில் என் தேர்வு தேங்காய்ச் சிரட்டைக் கரி. பாலித் தீவின் ஜிம்பாரானில் தேங்காய் மட்டையிலேயே சுடுகிறார்கள். அந்தப் புகை மணம் தனி. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் மீனும் மண்ணெண்ணெயாகவே மணக்கும். கரிமேல் வெண்சாம்பல் பூத்த பிறகு கம்பித்தட்டை வையுங்கள்.

வாழையிலையைத் தணலில் வாட்டி, இரண்டு அடுக்காக விரித்து எண்ணெய் தடவுங்கள். சம்பல் பூசிய மீனை வைத்து மூடி, பக்கத்துக்கு 7 நிமிடம் சுடுங்கள். கடைசியில் இலையைத் திறந்து, மிச்சச் சம்பலைப் பூசி ஒரு சூடு காட்டினால் போதும். இந்தோனேசியச் சுவை வேண்டுமென்றால் வெண்ணெய் கலந்த கெச்சாப் மானிஸை (இனிப்புச் சோயா சாஸ்) அப்போது தடவுங்கள். சீக்கிரம் கருகிவிடும், அடுப்பைவிட்டு நகராதீர்கள்.

பின்சேர்க்கை: வீட்டுக்குள் எப்படிச் சுடுவது என்று அடுக்குமாடியில் இருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். வீட்டுக்குள் கரி மூட்டவே கூடாது; கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். தோசைக்கல்லில் இதே இலைப் பொதியை மூடிபோட்டுச் சுடலாம். புகை மணம் இராது. அந்தக் குறையை ஆயர் அசாம் என்ற, தொட்டுக்கொள்ளும் புளிச்சாறு ஓரளவு ஈடுகட்டும்: புளித்தண்ணீரில் நறுக்கிய சின்ன வெங்காயம், ஊசிமிளகாய், வாட்டிய பெலாச்சான், கொஞ்சம் சர்க்கரை.