ஆடிப்பட்டம் இங்கே செல்லாது: நேட்டால் தோட்டத்தில் வசந்தம் வருவதைக் கண்டுபிடிக்கும் வழி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று தமிழ்நாட்டு யூடியூப் சேனல்கள் ஜூலை வந்ததும் பாட ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வெண்டை விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகும். நமக்கு ஆடி என்பது கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். தோட்டத்தைப் பொறுத்தவரை குளிரும் வறட்சியும் சேர்ந்து நிற்கும் காலம். செப்டம்பர் 1 வசந்த நாள் என்பதும் காலண்டர் கணக்குதான், மண்ணுக்கு அது தெரியாது. எப்போது விதைக்கலாம் என்பதைத் தோட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

படி 1: நிழலுக்குக் குச்சி நடுங்கள்

இந்தியப் புத்தகம், இங்கிலாந்துப் புத்தகம் எதுவானாலும் "தெற்குப் பக்கம் வெயில் அதிகம்" என்றுதான் இருக்கும். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. அதனால் வீட்டின் வடக்குச் சுவரோரம்தான் முதலில் சூடேறும் இடம். விதைத் தட்டுகள் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஜூன் கடைசியில், நடுப்பகலில், தெற்கே விழும் சுவர் நிழலின் நுனியில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். 2 மீட்டர் சுவரின் நிழல் அப்போது இரண்டரை மீட்டரைத் தாண்டும். செப்டம்பர் 22 வாக்கில் அதே நிழல் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே சுருங்கிவிடும். பாத்தியில் எந்தப் பகுதிக்கு எந்த வாரம் வெயில் வரும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: நம்பத்தக்க செடிகள், நம்பத்தகாத செடிகள்

பீச் மரத்தை நம்பாதீர்கள். வேண்டிய குளிரை வாங்கி முடித்துவிட்டால், நாலு நாள் வெயில் அடித்தாலே பூத்துவிடும். பின்னால் உறைபனி வந்தால் பூவெல்லாம் கருகிப் போகும். நம்ம ஊர் கல்யாண முருங்கைக்கு உறவான சிவப்புப் பூ மரம் இங்கே ஜூலையிலிருந்தே இலையில்லாமல் பூக்கிறது. ஜூலு மக்கள் அதைப் பார்த்து விதைப்புக்குத் தயாராவது பழைய வழக்கம். எனக்கு அது "நிலத்தைக் கொத்தி எரு போடு" என்கிற அறிவிப்பு மட்டும்தான். விதை இன்னும் டப்பாவிலேயே இருக்கட்டும்.

மல்பெரி மொட்டு பச்சை காட்டினால் பாதி நம்பலாம். முழுதாக நம்ப வேண்டியது கறிவேப்பிலையை. வெப்பநாட்டு மரம், அவசரப்படாது. எங்கள் பக்கம் குளிரில் மஞ்சளாகி மொட்டையாக நிற்கும். கிளை நுனியில் செம்பச்சைத் துளிர் வந்து, அது கருகாமல் விரிந்தால் இரவுக் குளிர் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 3: மலைக்காற்றில் ஏமாறாதீர்கள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் விழுவது இங்கேதான். ஆகஸ்டில் ஒரு நாள் திடீரென்று 30 டிகிரி அடிக்கும். இரவுகூட வெதுவெதுப்பாக இருக்கும். துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காயும். உடனே எல்லோரும் நர்சரிக்கு ஓடி தக்காளி நாற்று வாங்கி வருவார்கள்.

அது வசந்தம் இல்லை, பெர்க் விண்ட் என்று இங்கே சொல்லும் மலைக்காற்று. உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து காற்று கடற்கரையை நோக்கிச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் சூடாகிறது. பெரும்பாலும் குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) ஒன்று வருவதற்கு முன்னால்தான் இது வீசும். ஓய்ந்ததும் காற்று தென்மேற்குக்குத் திரும்பி, வெப்பம் சட்டென்று விழுந்து, தூறலும் போடலாம். நாற்று அதில் அடிபட்டால் செத்துப் போகும், இல்லையென்றால் வளராமல் முரண்டு பிடிக்கும்.

அடையாளம் எளிது: காற்று வடமேற்கிலிருந்து வருகிறதா, உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்டிருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா இருங்கள். உண்மையான வசந்தம் இரவில்தான் தெரியும். காற்றில்லாத இரவுகளின் வெப்பம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

படி 4: மண்ணைக் குத்திப் பாருங்கள்

பெர்க் விண்ட் ஆகாயத்தை ஒரே நாளில் சூடாக்கும். 10 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை அவ்வளவு எளிதில் அசைக்காது. அதனால் காலை ஒன்பது மணி வாக்கில், ஒரே இடத்தில், அந்த ஆழத்தில் வெப்பம் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரம் 16 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லையென்றால் பீன்ஸ் போடலாம். வெண்டைக்கும் பாகலுக்கும் 20 வரட்டும். மிளகாய் இதையெல்லாம்விடச் சூடு கேட்கும், வீட்டுக்குள்ளே தட்டில் முளைக்க வைப்பதே மேல். கொத்தமல்லி நேர் எதிர்: வெயில் ஏறினால் தண்டு விட்டுப் பூத்துவிடும், ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள். புரட்டாசி விரதத்தில் கடையில் கீரை விலை எகிறும்போது கைகொடுக்கும்.

கருவி: ஈரம், அமிலம், வெளிச்சம் எல்லாம் காட்டும் "மூன்று இன் ஒன்று" மீட்டர் வாங்காதீர்கள், பெரும்பாலும் பொம்மை. இறைச்சியில் குத்திப் பார்க்கிற நீள ஊசித் தெர்மாமீட்டர் போதும். தோட்டத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோனால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செல்பேசி காட்டுவது உங்கள் பாத்தியின் வெப்பம் இல்லை.

படி 5: பறவைகள்

மஞ்சள் அலகுப் பருந்து ஆகஸ்டில் வரும், அதைப் பார்த்து விதைப்பது சீக்கிரம். தூக்கணாங்குருவிகள் கூடு பின்னத் தொடங்குவது அடுத்தது. பீட்-மெய்-ஃப்ரோ குயிலின் மூன்று சுரக் கூவல் கேட்டுவிட்டால் இன்னும் விதைக்காதவர்கள் தாமதம் என்று பொருள்.

பிற்சேர்க்கை: எழுதிக் கேட்டவர்களுக்கு

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் தன் மண் ஆகஸ்ட் நடுவிலேயே 20 காட்டுகிறது என்றார். கடலோரத்தில் உறைபனி கிடையாது, சூடு எங்களுக்கு முன்பே ஏறும், அதனால் நம்பினேன். பிறகுதான் அவர் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் அளந்தது தெரிந்தது. தொட்டி வெயிலில் மளமளவென்று சூடாகி, இரவில் அதே வேகத்தில் குளிரும். அந்த எண்ணைத் தரைப் பாத்திக்குப் பயன்படுத்தாதீர்கள். காய்ந்த மண்ணும் பகலில் ஏமாற்றும், முந்தின மாலை தண்ணீர் விட்டு அளங்கள்.

ஜோகன்னஸ்பர்க்காரர்கள்: உங்களுக்குச் செப்டம்பரிலும் உறைபனி விழலாம். மண் சரியாக இருந்தாலும் தக்காளி நாற்றை இரவில் மூடி வையுங்கள். கேப் டவுனில் மழையே குளிர்காலத்தில்தான், மண் ஈரத்தால் மெதுவாகச் சூடேறும். அங்கே பாத்தியை உயர்த்திப் போட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.